பதினைந்து அங்குல ஓட்டை வழியாக இறங்கிய பத்திரிகை

பத்திரிகை என்றால் ஜனங்கள் ஆசிரியரை நினைக்கிறார்கள், பேனாவை நினைக்கிறார்கள், மிஞ்சிப் போனால் காகிதம் மையை நினைக்கிறார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும். எங்கள் 'கீழ்த்திசைச் சேதி' ஒரு ஓட்டையை நம்பி நடந்த பத்திரிகை. சிங்கப்பூர் டன்லப் தெருவில் நாங்கள் இருந்த கடைவீட்டின் மாடித் தரையில், தெருக்கதவுக்கு நேர் மேலே, பதினைந்து அங்குலச் சதுரத்தில் ஒரு ஓட்டை இருந்தது. அதற்கு ஒரு பலகை மூடி. அந்த நாளில் கட்டிய சீனத்துக் கடைவீடுகளில் பலவற்றிலும் அப்படி ஒன்று உண்டு. யாராவது கதவைத் தட்டினால், இறங்கி வந்து திறப்பதற்கு முன்னால் மேலிருந்தபடியே மூடியை நீக்கி, வந்தவன் யார் என்று பார்த்துக்கொள்வதற்காகத் தச்சர்கள் வைத்தது.

என் பெயர் சுப்பிரமணியம். அந்த வீட்டின் கீழ்த்தளத்தில் பதினோரு வருஷம் கை அச்சு இழுத்தவன். எனக்கு முன்கோபம் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. சம்சுன்னிசா அம்மாளைப் பற்றி யாராவது 'மரைக்காயர் வீட்டுப் பெண்சாதி, பாவம், விதவை' என்று ஆரம்பித்தால் இன்றைக்கும் எனக்குச் சுருக்கென்று வருகிறது. அதனால்தான் நடந்ததை நானே சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் வீட்டைச் சொல்ல வேண்டும். வீடு அகலத்தில் பதினாறு அடி, நீளத்தில் எண்பது அடி. இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர், ஜன்னலுக்கு வழியில்லை. நடுவில் மழையும் வெயிலும் இறங்கத் திறந்த முற்றம் ஒன்று, அதன் ஓரமாக மாடிப்படி. முன்பக்கம் கீழே பட்டப்பகலிலும் விளக்கு வேண்டும். எங்கள் இரும்பு அச்சு எந்திரம் யானைக் கனம் கனக்கும், மாடிப் பலகையில் வைத்தால் பலகையோடு கீழே வந்துவிடும். ஆகவே அது கீழே. ஆனால் ஈய எழுத்துக்களைப் பொறுக்கிக் கோப்பவருக்கு நல்ல வெளிச்சம் வேண்டும். வெளிச்சம் மாடி முன்னறையில்தான் இருந்தது, தெருவைப் பார்த்த மூன்று சட்ட ஜன்னல்களுக்குப் பக்கத்தில். எழுத்துப் பெட்டி மாடிக்குப் போனது இப்படித்தான். மாடியோ குடும்பம் இருக்கிற இடம்.

பத்திரிகையின் சொந்தக்காரர் அஹமது கபீர் மரைக்காயர், கீழக்கரைக்காரர். தங்கமான மனுஷர், கண்பார்வை மட்டும் மட்டம். அவரிடம் எழுத்துக் கோக்க இருந்த ஆள் 1901-இல் சம்பளம் கூட வாங்கித் தருவதாகச் சொன்ன யாரையோ நம்பி சுமத்ராவில் டெலி பக்கம் கப்பலேறிவிட்டான். மரைக்காயர் தாமே கோக்கிறேன் என்று உட்கார்ந்தார். 'கப்பல்' என்று கோத்தால் 'கம்பல்' என்று வந்தது. ஒரு மாதம் அப்படித்தான் ஓடிற்று, வாசகர்களும் ஏதோ புரிந்துகொண்டு படித்தார்கள். அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை பார்க்கிறேன், முதல் பக்கத்தில் ஒரு பிழைகூட இல்லை. மறு வாரமும் இல்லை. மூன்றாவது வாரம் நானே மரைக்காயரைக் கேட்டுவிட்டேன்.

அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து சொன்னார். "வீட்ல கோக்குறாங்க, சுப்பிரமணியம். வெளிய விட்டுடாதே."

அவர் மனைவி சம்சுன்னிசா அம்மாள் ஊரில் குர்ஆன் ஓதப் படித்தவர். அரபு எழுத்தில் தமிழை எழுதுவார், படிப்பார். தமிழ் எழுத்தைத் தமிழாகப் படித்தது இந்த வீட்டுக்கு வந்த பிறகு, அதுவும் ஈய எழுத்தைப் பார்த்து. ஈயத்தில் எழுத்து இடம் வலம் மாறித்தான் இருக்கும். அந்த அம்மாளுக்கு அதுதான் முதலில் பழக்கம் ஆயிற்று. அச்சான காகிதத்தைக் கொடுத்தால் கொஞ்சம் நிதானித்துப் படிப்பார், ஈயத்தைக் கொடுத்தால் கடகடவென்று படிப்பார். நான் இத்தனை வருஷத்தில் அப்படி ஒருவரைப் பார்த்ததில்லை.

எழுதிய தாள்கள் மேலே போவதும், கோத்த எழுத்து கீழே வருவதும் அந்த ஓட்டை வழியாக. நான் துடைப்பக் கட்டையால் மூடியை இரண்டு தட்டுத் தட்டுவேன். மூடி நகரும், கயிற்றில் கூடை இறங்கும். கூடைக்குள் மரத்தட்டு, தட்டில் நூலால் இறுக்கிக் கட்டிய எழுத்து வரிகள். கூடையை இறக்கும் கையை முழங்கை வரைக்கும் நான் பார்த்ததுண்டு, அந்த அம்மாளின் முகத்தை இன்றுவரை பார்த்ததில்லை. ஓட்டைக்கு நேர் கீழே தெருக்கதவு என்பதால், மதியம் பன்னிரண்டு முதல் இரண்டு வரை கதவைச் சாத்தி வைத்து இந்த வேலையைச் செய்வோம். தெருவில் எங்களை மதியத் தூக்கக்காரர்கள் என்றார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும், பல்லைக் கடித்துக்கொள்வேன்.

எங்கள் பத்திரிகையின் பத்தி ஏன் மற்றப் பத்திரிகைகளைவிடக் குட்டையாக இருக்கிறது என்று கோலாலம்பூரிலிருந்து ஒருவர் கடிதம் போட்டார். வாசகர் கண்ணுக்கு இதம் என்று மரைக்காயர் பதில் போட்டார். உண்மையில் நீளமான தட்டு ஓட்டையில் நுழையாது, சாய்த்தால் எழுத்து கொட்டிவிடும். இரண்டு தடவை கொட்டி, இரண்டு தடவையும் நான் தரையில் தவழ்ந்து பொறுக்கியிருக்கிறேன். பிறகு பதினோரு அங்குலத்துக்கு மேல் பத்தி வேண்டாம் என்று அந்த அம்மாளே சொல்லி அனுப்பினார். எவனோ ஒரு சீனத் தச்சன் கதவு தட்டுபவனைப் பார்க்க வைத்த ஓட்டை, எங்கள் பக்கத்தின் அளவைத் தீர்மானித்துவிட்டது.

வெளியில் மரைக்காயர்தான் எழுத்துக் கோப்பதாகப் பேச்சு. பினாங்கில் கடை வைத்திருந்த தம்பி யாக்கூபுக்கும் அப்படித்தான் எழுதிவந்தார். பெண் பிள்ளை அச்சு வேலை செய்கிறாள் என்றால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள், அவளைப் பேசவிட மாட்டேன் என்பார். யாரிடமும் சொல்வதில்லை என்று மனைவியிடமும் வாக்கு வாங்கியிருந்தார். அவர் நல்லதாகத்தான் நினைத்தார். ஆனால் எட்டு வருஷம் ஒருத்தி செய்த வேலைக்குப் பாராட்டையெல்லாம் இன்னொருவர் வாங்கிக்கொண்டிருந்ததைப் பார்க்க எனக்கு மனம் ஒப்பவில்லை. அதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

1909-இல் மரைக்காயர் காய்ச்சலில் படுத்தார். ஆறே நாள். ஒரு சனிக்கிழமை மௌத்தாகிவிட்டார். பிள்ளை குட்டி கிடையாது. அந்த அம்மாள் அன்றே இத்தாவில் உட்கார்ந்தார். புருஷன் இறந்தால் அவர்கள் வழக்கப்படி நாலு மாதம் பத்து நாள் வீட்டை விட்டு வெளியே வரக்கூடாது, அந்நிய ஆண்கள் கண்ணில் படக்கூடாது. துணைக்கு அடுத்த வீட்டு பரீதா வந்து மாடியிலேயே தங்கினாள். வாய் கொஞ்சம் நீளம், மனசு அதைவிடப் பெரிசு.

பத்திரிகை நின்றுவிட்டது என்று நானும் முடிவு கட்டிவிட்டேன். எந்திரத்துக்கு எண்ணெய் போட்டுத் துணியால் மூடிக்கொண்டிருந்தேன். திங்கட்கிழமை மேலே மூடி நகர்ந்தது. கூடை வெறுமையாக இறங்கிற்று.

"அண்ணே, அவங்க மரணச் சேதிய எழுதி அனுப்புங்க," என்றது குரல். "துறைமுகச் சேதியும் வாங்கிட்டு வந்துருங்க. வெள்ளிக்கிழமை வந்தாகணும்."

"அம்மா, இந்த நேரத்துலயா?"

"இத்தாவுல வீட்ட விட்டுத்தான் போகக்கூடாது. நான் எங்க போறேன்? வேலை வீட்டுக்குள்ளதானே இருக்கு."

எழுதி அனுப்பினேன். மரணச் செய்தி மறுநாள் கூடையில் இறங்கிற்று. புருஷன் பெயரை வாயால் சொல்லாத பெண்கள் அவர்கள். அந்தப் பெயரை ஒவ்வொரு எழுத்தாகப் பொறுக்கி, கறுப்புக் கட்டம் போட்டு, நடுவில் வைத்திருந்தார். ஒரு எழுத்து பிசகவில்லை. அதற்கு மை தடவும்போது வெட்கமில்லாமல் அழுதேன்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை யாக்கூப் பினாங்குக் கப்பலில் வந்து இறங்கினார். முப்பது வயது இருக்கும், தொழுகை தவறாதவர், பேச்சில் மரியாதை. அவரைக் கெட்டவர் என்று நான் சொன்னால் நாக்கு அழுகிவிடும். அவர்கள் மார்க்கச் சட்டப்படி பிள்ளையில்லாதவர் சொத்தில் மனைவிக்கு நாலில் ஒன்று, மற்றது தம்பிக்கு. ஆகவே எந்திரத்தை என்ன செய்வது என்று சொல்ல வேண்டியவர் அவர். ஜொகூரில் ஒருவர் வாங்கிக்கொள்ள வருகிறார், சனிக்கிழமை வந்து பார்ப்பார், இத்தா முடிந்ததும் மச்சியை, அதாவது அண்ணன் மனைவியை, கீழக்கரைக்கு அனுப்பிவிடலாம் என்றார். எல்லாம் யோசித்து, யார் மனமும் நோகாமல் செய்கிற மாதிரித்தான் சொன்னார்.

பிறகு மேசையில் கிடந்த வெள்ளிக்கிழமைப் பத்திரிகையை எடுத்தார்.

"காக்கா போன பிறகு இத யாரு கோத்தது?" என்றார். அண்ணனைக் காக்கா என்பது அவர்கள் வழக்கம்.

என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். "மரைக்காயர் முன்னாடியே கோத்து வெச்சுட்டுப் போனதுங்க," என்றேன்.

அவர் பக்கத்தைத் திருப்பிக் கறுப்புக் கட்டத்தில் விரலை வைத்தார். "அவங்க மௌத்துச் சேதிய அவங்களே கோத்து வெச்சுட்டுப் போனாங்களா?"

நான் வேறு எந்த அச்சகத்திலோ களவாகக் கொண்டுபோய்க் கோத்து வந்தேன் என்று அவர் முடிவு செய்துவிட்டார். அன்றிலிருந்து என்னோடு பேசும்போது அவர் குரல் மாறிவிட்டது.

செவ்வாய்க்கிழமை காலையில்தான் அந்தக் காரியம் நடந்தது. யாக்கூப் வாசலில் நின்றுகொண்டிருந்தவர் தற்செயலாக அண்ணாந்து பார்த்தார். ஓட்டையின் மூடி பாதி நகர்ந்து கிடந்தது. இத்தாவில் இருக்கிற பெண் மேலே, கதவுக்கு வருகிறவன் போகிறவனெல்லாம் கீழே. மனுஷர் பதறிப்போனார். தெருமுனைத் தச்சனைக் கூட்டி வந்து, குறுக்கே இரண்டு பலகை வைத்து, ஆறு ஆணி அடிக்கச் சொன்னார். அடித்து முடித்ததும் "இப்பத்தான் மனசு நிம்மதியாச்சு, மச்சி நிம்மதியா இருக்கலாம்," என்றார். அண்ணன் மனைவியின் மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்று அண்ணன் பத்திரிகையின் கழுத்தை நெரித்துவிட்டார். அவருக்குத் தெரியாதே, நான் யார் மேல் கோபப்படுவது?

படிவழியாகவாவது இறக்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. மச்சிக்கு யாரும் தொந்தரவு தரக்கூடாது என்று யாக்கூப் விடிந்ததிலிருந்து பொழுது சாயும் வரை மாடிப்படிக்கு அடியில் நாற்காலி போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். மேலே முதல் பக்கத்தில் பாதி கோத்தபடி கிடந்தது.

மதியம் பரீதா சமையற்கட்டுக்கு இறங்கினாள். தண்ணீர் எடுக்கிற சாக்கில் நான் பின்னால் போனேன்.

"என்ன சொல்றாங்க அம்மா?"

"ஊருக்குப் போக மாட்டேங்குறாங்க," என்றாள் பரீதா. "போனா அங்க யாரோ ஒருத்தர் வீட்டு மூலையில உக்காந்து, போட்டதத் தின்னுட்டு, சாகுற நாள எண்ணிக்கிட்டு இருக்கணும். எட்டு வருஷமா ஓடுன கை இது, என்னால சும்மா இருக்க முடியாதுங்குறாங்க."

"அப்ப யாக்கூப்கிட்ட உண்மையச் சொல்லச் சொல்லு."

"அங்கதான் முட்டுது. மரைக்காயரு உசுரோட இருந்தப்ப அவங்களுக்கு வாக்குக் குடுத்துட்டாங்களாம், சொல்ல மாட்டேன்னு. செத்தவங்களுக்குக் குடுத்த வாக்க எப்படி மீறுறதுன்னு ராத்திரியெல்லாம் அழுதாங்க."

"சொல்லலேன்னா சனிக்கிழமை எந்திரம் வண்டியேறிரும்னு சொல்லு," என்றேன். கொஞ்சம் கத்திவிட்டேன் போலிருக்கிறது. அவள் என்னை முறைத்துவிட்டுக் குடத்தோடு போய்விட்டாள்.

புதன்கிழமை பத்து மணிக்கு யாக்கூப் என்னை முற்றத்துக்குக் கூப்பிட்டார். சந்தாதாரர்களுக்கு ஒரு அறிவிப்புப் போட வேண்டும், கடைசி அறிவிப்பு. நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொள், போன வாரம் எங்கே கொண்டுபோய்க் கோத்தாயோ அங்கேயே கொண்டுபோய்க் கோத்து வா என்றார். நான் பென்சிலை எடுத்தேன். எழுத மனம் வரவில்லை, கை வெறுமனே காகிதத்தில் இருந்தது.

மேலே படியின் தலைப்பில் தொங்கிய திரைக்குப் பின்னால் ஏதோ இழுபடும் சத்தம் கேட்டது. கனமான சாமானைப் பலகையில் தேய்த்து இழுக்கிற சத்தம். எனக்கு அது என்னவென்று தெரிந்துவிட்டது. எழுத்துப் பெட்டி.

"தம்பி, சுப்பிரமணியம் அண்ணன் எழுத வேண்டாம்," என்றது திரைக்குப் பின்னாலிருந்து குரல். "நீங்க சொல்லுங்க. இங்கயே கோத்துடலாம்."

யாக்கூப் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். முகம் வெளுத்துவிட்டது. "மச்சி, மேல ஆளு யாரும் இருக்காங்களா?"

அவர் கேட்டதன் அர்த்தம் எனக்கு ஒரு கணம் கழித்துத்தான் உறைத்தது. உறைத்ததும் ரத்தம் தலைக்கேறிற்று. ஆனால் என்னை முந்திக்கொண்டு பரீதா திரையை விலக்கி இரண்டு படி இறங்கி வந்தாள்.

"ஏறி வந்து பாக்குறியாப்பா? நானும் உன் மச்சியும், மூட்டைப்பூச்சியும் இருக்கோம். வேற ஆளு வேணும்னா நீதான் கூட்டிட்டு வரணும். ஹஜ்ஜுக்குப் போகணும்னு நெனக்கிற புள்ள கேக்குற கேள்வியா இது?"

யாக்கூப் தலையைக் குனிந்துகொண்டார். காது மடல் சிவந்துவிட்டது. தப்பாகக் கேட்டுவிட்டோம் என்று அவருக்கே தெரிந்துவிட்டது, பாவம்.

"அவர விடு பரீதா," என்றது குரல். அதில் கோபம் இல்லை. "தம்பி, உங்க காக்காகிட்ட நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன். அதனால நான் ஒண்ணும் சொல்லப் போறதில்ல. நீங்க சொல்லுங்க, என்ன சேதி போடணும்?"

யாக்கூப் என்னைப் பார்த்தார். நான் எந்திரத்தைப் பார்த்துக்கொண்டேன். அவர் மெல்ல உட்கார்ந்து, மனதில் தயார் செய்து வைத்திருந்ததைச் சொல்ல ஆரம்பித்தார்.

"இந்த அச்சகத்தின் உரிமையாளர்..."

மேலே ஈயம் ஈயத்தில் படும் சத்தம் கேட்டது. டிக், டிக், டிக் என்று சீராக. அவர் நின்றார். சத்தமும் நின்றது.

"உரிமையாளர்," என்றது குரல். "அப்புறம்?"

"...அஹமது கபீர் மரைக்காயர் மௌத்தாகிவிட்டபடியாலும்..."

டிக், டிக், டிக்.

"...இவ்வீட்டில் எழுத்துக் கோக்க அறிந்தவர் ஒருவரும் இல்லாதபடியாலும்..."

சத்தம் நின்றுவிட்டது. அந்த வரியைத் தன் கையாலேயே கோக்கச் சொன்னால் எந்த மனுஷிக்குத்தான் தாங்கும்? அழுதுவிடுவார், பெட்டியைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். அந்த அம்மாளை எனக்கு அவ்வளவுதான் தெரிந்திருக்கிறது.

டிக், டிக், டிக் என்று மறுபடி ஆரம்பித்தது.

"'இல்லாதபடியாலும்' போட்டாச்சு. அப்புறம், தம்பி?"

"...கீழ்த்திசைச் சேதி இந்த வாரத்தோடு நிறுத்தப்படுகிறது." கடைசி வார்த்தைகளை அவர் முணுமுணுப்பாகத்தான் சொன்னார். ஆனாலும் மேலே கேட்டிருக்கிறது.

கொஞ்ச நேரத்தில் பரீதா மரத்தட்டை இரண்டு கையாலும் ஏந்திப் படியிறங்கினாள். யாக்கூப் வழிவிட்டு எழுந்து நின்றார். தட்டில் ஏழு வரி, நூலால் இறுக்கிக் கட்டி, ஓரம் பிசகாமல். நான் எந்திரத்தின் அச்சுக் கல்லில் இறக்கி, மை உருட்டி, காகிதம் வைத்து இழுத்தேன். ஈரத்தோடு அவர் கையில் கொடுத்தேன்.

அவர் முற்றத்து வெளிச்சத்துக்குப் போய் நின்று படித்தார். உதடு அசைந்தது. மூன்றாவது வரியில் நின்றார், திரும்ப முதலிலிருந்து படித்தார், திரும்ப அங்கேயே நின்றார். கட்டைவிரலில் மை ஒட்டியதுகூட அவருக்குத் தெரியவில்லை.

"எட்டு வருஷமா ஒவ்வொரு கடுதாசியிலயும் 'நானே கோக்கிறேன்'னு எழுதுவாங்க," என்றார் என்னைப் பார்க்காமல். "நான் கடையில எல்லார்கிட்டயும் காட்டுவேன். எங்க காக்கா கோத்ததுன்னு."

"பேச்சு வந்துடக்கூடாதுன்னு எனக்காகத்தான் அப்படிச் சொன்னாங்க, தம்பி," என்றது திரைக்குப் பின்னால் குரல். அப்போதுதான் முதல் தடவையாக அது உடைந்தது. "அவங்களக் கோவிச்சுக்காதீங்க."

யாக்கூப் தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பிறகு படியின் அடிக்கு வந்து, மேலே பார்க்காமல், தரையைப் பார்த்தபடியே சொன்னார்.

"மச்சி, இந்தச் சேதியப் போட முடியாது."

"ஏன் தம்பி? பிழை இருக்கா?"

"எழுத்துல பிழை இல்ல. சேதிதான் பொய்."

பரீதா மூக்கை உறிஞ்சினாள். நான் உருளையைக் கையில் பிடித்தபடியே நின்றுகொண்டிருந்தேன். அப்புறம் மேலே ஈய எழுத்துப் பெட்டியை ஒரு கை துழாவும் சத்தம்.

"அப்ப வேற சேதி சொல்லுங்க, தம்பி," என்றார் சம்சுன்னிசா அம்மாள். "வெள்ளிக்கிழமைக்கு இன்னும் அரைப் பக்கம் காலியாக் கிடக்கு."